பழமில்லாத மாதம் எது?

"வளரும் நாடுகளில் பழச் சாகுபடியும் பசியும்" என்று தலைப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, "என் எலுமிச்சை ஏன் காய்க்கவில்லை" ரகம். அவர்களுக்குத் தனியே பதில் போகும். மீதியில் என்னை யோசிக்க வைத்தவற்றையும் எரிச்சலூட்டியவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் ஒட்டுக்கத்தி பிடித்த கை இது. எழுத்து கொஞ்சம் கரடுமுரடாகத்தான் இருக்கும்.

கே: பசித்தவனுக்குச் சோறு வேண்டும். பழம் என்பது வயிறு நிறைந்தவன் பேச்சு. உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் பழமரம் நடச் சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

ப: உகாண்டாவில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள் ஐயா. காயாக இருக்கும் வாழையை உரித்து, இலையில் பொட்டலம் கட்டி, ஆவியில் வேகவைத்து, மசித்துத் தட்டில் போட்டு "இதுதான் சோறு" என்பார்கள். மட்டோக்கே என்று பெயர். அந்த வட்டாரத்தின் சில பகுதிகளில் தலைக்கு ஆண்டுக்கு 200 கிலோவுக்கு மேல் வாழை தின்கிறார்கள். அங்கே வாழைக்கு நோய் வந்தால், நெல் வயல் முழுகின மாதிரிதான்.

ஆனாலும் உங்கள் கோபத்தில் நியாயம் உண்டு. மாம்பழமும் பப்பாளியும் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பா. தானியமும் பருப்பும் கிழங்கும் இருக்க வேண்டிய இடத்தில் பழத்தை வைத்துப் பேசுகிறவரை நம்பாதீர்கள். அதே சமயம், 1996இல் ரோம் நகரில் கூடிய உலக உணவு மாநாடு உணவுப் பாதுகாப்புக்கு விளக்கம் எழுதியபோது, "போதுமான" என்பதோடு "சத்தான" என்பதையும் "எல்லாக் காலத்திலும்" என்பதையும் சேர்த்தே எழுதியது. இந்தக் கடைசிச் சொல்லைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதற்கு அடுத்த பதிலில் வருகிறேன்.

"சத்தான" என்பதற்கு ஒரு கதை. பசிபிக் கடலில் மைக்ரோனீசியா நாட்டில் போன்பே என்று ஒரு தீவு. மண்ணில் எதை நட்டாலும் வளரும். ஆனால் வெளியிலிருந்து வந்த அரிசியும் மாவும் டின் உணவும் பழகிப்போய், உள்ளூர்ப் பழத்தைத் தொட ஆளில்லை. வயிறு நிறைந்திருந்தது. பரிசோதித்தால், சிறு பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் ஏ குறைபாடு. கண்ணைப் பறிக்கிற குறைபாடு அது. அந்தத் தீவிலேயே 'கரத்' என்ற வாழை இருக்கிறது. சதை ஆரஞ்சு நிறம். முன்பெல்லாம் பால் மறக்கும் குழந்தைக்கு முதலில் ஊட்டுவது அதைத்தான். லோயிஸ் எங்ல்பெர்கர் என்ற சத்துணவு ஆய்வாளர் அந்த வாழையைச் சோதனைக்கு அனுப்பினார். நாம் கடையில் வாங்கும் வெளிர் நிற வாழையைவிடப் பல மடங்கு பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) அதில் இருப்பது தெரிந்தது. மருந்து கொல்லையிலேயே குலை தள்ளி நிற்கிறது, பிள்ளைக்கு மாத்திரை கப்பலில் வருகிறது! அதன்பின் அவரும் தீவுக்காரர்களும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் உள்ளூர் உணவுக்காகப் பேசினார்கள்.

கே: சமூகப்பணி படிக்கிறேன். அடுத்த வருஷம் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் தொண்டு நிறுவன வேலைக்குப் போகிறேன். ஒரு கிராமத்துக்குப் பழமரத் திட்டம் எழுத வேண்டும். எந்த மரம், எத்தனை கன்று என்று எப்படி முடிவு செய்வது?
– கல்லூரி மாணவி

ப: அந்த இரண்டையும் கடைசியில் எழுதம்மா. முதலில் ஒரு காகிதத்தில் பன்னிரண்டு கட்டம் போடு, மாதத்துக்கு ஒன்று. வீடு வீடாகப் போய் இரண்டே கேள்வி கேள். எந்த மாதம் தானியம் தீர்கிறது? எந்த மாதம் பிள்ளைகள் வாயில் பழமே படுவதில்லை?

இதைச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு முட்டாள்தனத்தால் வந்தது. கென்யாவின் கிழக்குப் பகுதியில் ஒட்டுக்கட்டும் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். ஒரு பள்ளி வளாகத்தில் மாங்கன்று நட்டுத் தரச் சொன்னார்கள். அங்கே 'ஆப்பிள்' என்று ஒரு மா ரகம் உண்டு. உருண்டையாக, நார் இல்லாமல், பார்க்கவே அழகு. ஊரே அதைத்தான் கேட்டது. அறுபது குழியிலும் அதையே வைத்தேன். நான்காம் வருஷம் நன்றாகவே காய்த்தது. பழுத்தது டிசம்பரில். அந்த நாட்டில் பள்ளி ஆண்டு நவம்பரோடு முடிந்துவிடும். பிள்ளைகள் வீட்டில், பழம் மரத்தில். காவலாளியின் ஆடுகள் கொழுத்தன. ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஊர் முழுக்க மாம்பழம், சந்தையில் கேட்பாரில்லை. அதைப் பார்க்கப் பெருமையோடு போன என்னிடம் பள்ளிச் சமையல்கார அம்மா புதிதாக இரண்டு துடைப்பம் கேட்டார். அழுகினதைக் கூட்டி மாளவில்லையாம். அதே பள்ளியில், மழைக்குக் காத்திருக்கும் அக்டோபரில் கஞ்சிக்கே தட்டுப்பாடு. நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை.

நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வேளாண்காடு மையத்தார் இதற்கு ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரே மரத்தில் ஐம்பது கொடுப்பதைவிட, மாதம் ஒன்றாவது பழுக்கிறபடி ஏழெட்டு, பத்து வகையைச் சேர்த்துக் கொடுப்பது. வந்து குடியேறிய மாவும் பப்பாளியும் கொய்யாவும் ஒரு பக்கம், அந்த மண்ணுக்கே உரிய காட்டுப் பழங்கள் ஒரு பக்கம். உன் பன்னிரண்டு கட்டத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரிசை போட்டுக்கொள்: மஞ்சள் சதைப் பழம் (வைட்டமின் ஏ), புளிப்பும் கொய்யாவும் (வைட்டமின் சி). கொய்யாவைத் தின்பண்டமாக எண்ணாதே. பயறும் சிறுதானியமும் மட்டுமே தின்கிற வீட்டில், சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு சேர்ந்தால் அந்தப் பயற்றின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாக ஒட்டும். மஞ்சள் பழத்தோடு கொஞ்சம் எண்ணெயோ கொழுப்போ வயிற்றில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தச் சத்து சரியாக ஏறாது.

காட்டுப் பழத்தை ஏன் சேர்க்கச் சொல்கிறேன்? மலாவி, சாம்பியா பக்கத்துக் காடுகளில் மசுக்கு என்று ஒரு பழம். சோள அறுவடைக்கு முன்னால், தானியம் தீரத் தொடங்குகிற மழைக்கால மாதங்களில் அது பழுக்கிறது. நம் இலந்தையே சகாரா பாலைவனத்தின் தென்விளிம்பில் பெரிய மனுஷன் ஆகியிருக்கிறது. இந்தியாவில் தேர்ந்தெடுத்த பெரிய பழ ரகங்களை அங்குள்ள இலந்தையில் ஒட்டுக்கட்டி, நைஜர் நாட்டில் 'சாஹேலின் ஆப்பிள்' என்று பெயர் வைத்துப் பரப்பினார்கள். மழை பொய்த்தாலும் தாங்குகிற மரம்.

காலக்கணக்கும் பார். பப்பாளி பத்து மாதத்தில் கைக்கு வரும், வாழைக்கு ஒரு வருஷம், கொய்யாவுக்கு இரண்டு மூன்று, ஒட்டு மாவுக்கு நான்கு, விதைப் பலாவுக்குப் பொறுமை. முதல் வருஷத்திலேயே ஏதாவது பழம் வாயில் படாவிட்டால் யாரும் மாங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். மரங்களுக்கு நடுவே நிழல் விழும்வரை தட்டைப்பயறும் நிலக்கடலையும் போடச் சொல். மண்ணுக்கும் நல்லது, நடுவே நடந்து போகிற ஆளுக்குக் கன்று கண்ணில் படும். கண்ணில் படாத கன்று காய்ந்துபோகும்.

கே: அவகாடோ சாப்பிடுவது பாவமா?
– கணினித் துறை வாசகர்

ப: பழத்தின் மேல் பாவம் இல்லை. மெக்சிகோவின் மிச்சோவக்கான் மாநிலத்துக்கு 1997இல் அமெரிக்கச் சந்தை திறந்துவிடப்பட்டது. அதன்பின் அந்த மலைகளின் ஊசியிலைக் காடு துண்டு துண்டாக அவகாடோத் தோப்பானது, ஓடைத் தண்ணீரும் அதற்கே போனது. அதே மரம் ஒரு குடியானவர் வீட்டுக் கொல்லையில் இரண்டு நின்றால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொழுப்புச் சத்து. நீங்கள் தின்பது எந்த மரத்துப் பழம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் கேளுங்கள்.

கே: வாழை இன்னும் சில வருஷத்தில் உலகத்தை விட்டே போய்விடும் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?
– இல்லத்தரசி

ப: வாழை போகாதம்மா. போகக்கூடியது ஒரு வாழை. அதற்கு முன்னால் போனதும் ஒரு வாழைதான்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கப்பலேறிய வாழை என்றால் குரோ மிஷெல் என்ற ரகம். தடித்த தோல், நசுங்காத பழம். மத்திய அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் அதுவே. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சாணம் வேர் வழியாக ஏறி, தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்தது. இலை மஞ்சளாகி, சரிந்து, மரம் நின்ற இடத்திலேயே செத்தது. பனாமா வாடல் என்று பெயர் வைத்தார்கள். 1960 வாக்கில் ஏற்றுமதித் தோட்டங்களில் அந்த ரகத்தின் கதை முடிந்தது. அதை எதிர்த்து நின்ற கேவண்டிஷ் அந்த இடத்துக்கு வந்தது. இன்று உலகில் விளையும் வாழையில் ஏறக்குறைய பாதி அதுதான்.

நாம் தின்னும் வாழைக்கு விதை கிடையாது. தாயின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். திசு வளர்ப்புக் கன்றும் அதே கதைதான், கண்ணாடிக் குப்பிக்குள் நடக்கிறது, அவ்வளவே. ஆகவே ஒரு ரகத்தின் எல்லா மரமும் ஒரே மரம். ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு மற்றதெல்லாம் பழக்கப்பட்ட வீடு. தைவானில் 1960களின் கடைசியில் கேவண்டிஷையே வாட வைக்கும், அந்தப் பூஞ்சாணத்தின் ஒரு வகை தெரிந்தது. 'டி.ஆர்.4' என்கிறார்கள். தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, 2013இல் மொசாம்பிக், 2019இல் கொலம்பியா, 2021இல் பெரு என்று நடந்துகொண்டே இருக்கிறது. மருந்து கிடையாது. பூஞ்சாணம் மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடக்கும். செருப்பு மண்ணில், மண்வெட்டியில், பாசனத் தண்ணீரில், நல்ல கன்று என்று நம்பி வாங்கின கன்றில் பயணம் போகும்.

ஆஸ்திரேலியாவில் ஒரு காட்டு வாழையின் மரபணுவைக் கேவண்டிஷுக்குள் வைத்து, 2024 பிப்ரவரியில் அரசு அனுமதியும் வாங்கிவிட்டார்கள். தைவானில் திசு வளர்ப்பின்போது தானாக மாறிவந்த கன்றுகளிலிருந்து ஓரளவு தாக்குப்பிடிக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹோண்டுராஸில் கலப்பினம் செய்து எடுத்த வாழைகள் கியூபாவில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நின்றன. எல்லாம் நல்ல வேலை. ஆனால் குரோ மிஷெலுக்குப் பதில் கேவண்டிஷ், கேவண்டிஷுக்குப் பதில் இன்னொன்று என்று நாற்காலி மாற்றுவதிலேயே பணம் முழுவதும் போவது எனக்குப் பிடிக்கவில்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட வாழை வகைகளைக் குப்பியிலும் உறைநிலையிலும் காத்து வைத்திருக்கிறார்கள். அதில் எத்தனை நம் கொல்லைக்குத் திரும்பி வந்தன?

சிறு விவசாயிக்கு வாழைநோயில் வேறொரு பாடமும் உண்டு. 2001இல் உகாண்டாவில் பாக்டீரியா வாடல் பரவியது. பூச்சிகள் பூவிலிருந்து பூவுக்குக் கிருமியைச் சுமந்து போகின்றன. கடைசிச் சீப்பு வந்ததும் நுனியில் தொங்கும் ஆண் மொட்டை ஒடித்துவிட்டால் பூச்சிக்கு வேலையில்லை. கத்தியால் வெட்டக் கூடாது. கத்தியே கிருமியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும். கவைக்குச்சியால் முறுக்கி ஒடிக்க வேண்டும். ஒரு கவைக்குச்சி! அதைச் சொல்லிக்கொடுத்து, நோய்ப்பட்ட தண்டை மட்டும் உடனே வெட்டிச் சாய்க்கப் பழக்கின இடங்களில் தோட்டம் திரும்பி வந்தது.

கே: ஏற்றுமதி செய்து டாலர் சம்பாதித்தால், அந்தப் பணத்தில் அரிசி வாங்கிக்கொள்ளலாமே? எதற்கு வீட்டுக்கு வீடு பழமரம்?
– வணிகவியல் ஆசிரியர்

ப: கணக்கு சரி. கானா நாட்டு அன்னாசி விவசாயிகளிடமும் இந்தக் கணக்கைத்தான் சொன்னார்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பிறகு எம்.டி.2 என்ற இனிப்பான, மஞ்சள் அன்னாசி கோஸ்டாரிகாவிலிருந்து வந்து சந்தையைப் பிடித்தது. 2005க்கு முன்பின்னாக இரண்டொரு வருஷத்துக்குள் ஐரோப்பிய வியாபாரிகள் பழைய ரகத்தைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினார்கள். வயலில் பழம் நிற்கிறது, வாங்க வண்டி வரவில்லை. புது ரகக் கன்று விலை சிறு விவசாயிக்கு எட்டவில்லை. பெரிய பண்ணைகள் மாறிக்கொண்டன. சிறியவர்களில் ஏராளமானோர் அன்னாசியையே விட்டார்கள். பூச்சியுமில்லை, வறட்சியுமில்லை. எங்கோ ஒரு கடை அலமாரியில் ரசனை மாறியது.

ஏற்றுமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் காசு வருவதும் உணவுப் பாதுகாப்புதான். என் கட்டுப்பாடு ஒன்றே: வீட்டுக்குத் தேவையான நிலத்தையும் தண்ணீரையும் ஒதுக்கின பிறகு மிச்சத்தில் கப்பலுக்குப் பயிரிடுங்கள். உலகில் விளையும் வாழையில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக்கூட எல்லை தாண்டுவதில்லை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். செய்தியெல்லாம் கப்பலேறும் வாழையைப் பற்றி, சாப்பாடெல்லாம் கப்பலேறாத வாழையில்.

இன்னொன்று, கப்பல் வாழைக்குக் கறை இருக்கக் கூடாது, வண்டு துளைக்கக் கூடாது. கரீபியனில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் வாழைக் கூன்வண்டுக்கு 1972 முதல் 1993 வரை குளோர்டிகோன் என்ற மருந்தைப் போட்டார்கள். இன்று அங்கே பத்துப் பெரியவரில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். அந்த மண்ணில் கிழங்கு நட்டால் கிழங்கிலும் வருகிறது. டாலர் வந்தது, கிழங்கு போயிற்று.

கே: பழ ஈயை மருந்தடிக்காமல் கட்டுப்படுத்த முடியுமா? பழத்தை அறுத்தால் உள்ளே புழு.
– சிறு தோட்டக்காரர்

ப: முடியும், ஆனால் சோம்பேறிக்கு முடியாது. தரையில் விழுந்த பழத்தைப் பொறுக்காமல் மற்ற எதைச் செய்தாலும் வீண். ஈ பழத்தோலைக் குத்தி முட்டை வைக்கும். புழு சதையைத் தின்று, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பிறகு ஈயாக மேலே வரும். விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்கிக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் ஒரு வாரம் போடுங்கள். வேகட்டும். அடுத்தது ஆண் ஈயை இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறி. துளசியிலும் அந்த வாசனைப் பொருள் இருப்பதால், கசக்கின துளசியைப் பாத்திரத்தில் வைத்தும் பிடிக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈக்கு வேலி தெரியாது.

ஆசியாவின் பழ ஈ ஒன்று 2003இல் கென்யாவில் தலைகாட்டி, சில வருஷத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. பெனின் நாட்டு மாந்தோப்புகளில் முசுறு எறும்பு நிறைந்த மரங்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். எறும்பு ஈயைப் பிடிப்பது கொஞ்சம்தான். எறும்பு நடந்த பழத்தில் அதன் வாடை ஒட்டியிருப்பதால் ஈ உட்காரத் தயங்குகிறது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. சீனாவின் தென்பகுதியில் நாரத்தை, ஆரஞ்சு மரங்களுக்கு எறும்புக் கூட்டை விலைக்கு வாங்கிக் கட்டினதாகக் கி.பி. 304ஆம் ஆண்டு நூல் ஒன்று சொல்கிறது. முசுறு இருக்கும் மரத்தில் பழம் பறிப்பது சுகமான காரியம் அல்ல. நான் ஒருமுறை சட்டைக்குள் ஒரு கூட்டையே விட்டுக்கொண்டு, மரத்திலிருந்து இறங்கினேனா குதித்தேனா என்று இன்றுவரை தெரியாது. கையில் சாம்பல் பூசிக்கொண்டு, அதிகாலைக் குளிரில் பறித்தால் கடி குறைவு.

இன்னும் ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. 1980களில் மேற்கு ஆப்பிரிக்காவில் மாமரம் எல்லாம் கரி பூசியது போல் கறுத்து, காய்ப்பே நின்றது. தெற்காசியாவிலிருந்து தப்பிப்போன ஒரு மாவுப்பூச்சி. அது கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூசணம் படர்ந்தது. மருந்தடித்துத் தீராது. இந்தியாவுக்கு வந்து, இங்கே அதை அடக்கி வைத்திருப்பது யார் என்று தேடி, கொசுவைவிடச் சிறிய ஒரு குளவியைக் கொண்டுபோய் 1987இல் டோகோவில் விட்டார்கள். பூச்சிக்குள் முட்டை வைக்கும் குளவி. பிறகு அதுவே பறந்து பறந்து நாடு நாடாகப் போனது. பெனினில் இதைக் கணக்குப் பார்த்தவர்கள், செலவழித்த 1 ரூபாய்க்கு 145 ரூபாய் அளவில் ஆதாயம் என்று சொன்னார்கள். விவசாயி ஒரு பைசா போடவில்லை, ஒரு கைத்தெளிப்பான்கூட வாங்கவில்லை.

கே: வௌவால்கள் தோப்பைச் சூறையாடுகின்றன. சுடலாமா?
– தோப்புக்காரர்

ப: மொரீஷியஸில் அரசே சுட்டது. லிச்சியும் மாம்பழமும் போகிறதென்று 2015 முதல் பல்லாயிரம் பழந்தின்னி வௌவால்களைக் கொன்றார்கள். 2018இல் அந்த இனம் அழியும் நிலைப் பட்டியலில் ஏறியது, தோப்புக்காரர் புலம்பல் தீரவில்லை. சிறு மரமாகக் கவாத்துச் செய்து வலை போடுங்கள். மலேசியாவில் டுரியன் இரவில் பூக்கும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது குகையில் வாழும் தேனுண்ணி வௌவால். குகையை உடைத்துச் சுண்ணாம்புக்கல் எடுத்தால் டுரியன் காய்ப்பது குறையும்.

கே: சீமைப்பலா ஒன்று போதும், உலகப் பசி தீரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
– ஆட்டோ ஓட்டுநர்

ப: நல்ல மரம்தான் தம்பி. ஈரப்பலா என்றும் சொல்வார்கள். மூன்று நான்கு வருஷத்தில் காய்த்து, வருஷத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் மாவுச்சத்துள்ள காய் தரும். உழவு வேண்டாம், விதைப்பு வேண்டாம். ஆனால் இந்த வாட்ஸ்அப் ஆசை பழசு. கரீபியன் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போடத்தான், பிளை என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் தஹிதியிலிருந்து ஆயிரம் கன்று ஏற்றிக்கொண்டு கிளம்பினான். 1789இல் கப்பல்காரர்கள் கலகம் செய்து அவனைப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றெல்லாம் கடலுக்குப் போயிற்று. விடாமல் இரண்டாம் முறை போய் 1793இல் கொண்டு சேர்த்தான். அந்த மக்கள் ரொம்ப நாள் அதைத் தொடவில்லை, பன்றிக்குப் போட்டார்கள். பிறகுதான், தாங்களாகவே, சுட்டும் அவித்தும் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள். குளிர் தாங்காத மரம் என்பதையும், சீசனில் மொத்தமாக வந்து கொட்டி மூன்று நாளில் கெடும் காய் என்பதையும் அந்த வாட்ஸ்அப்காரருக்குச் சொல்லுங்கள்.

கே: விளைச்சலைக் கூட்டுவது முக்கியமா, வீணாவதைத் தடுப்பது முக்கியமா?
– வேளாண் பட்டயப் படிப்பு மாணவர்

ப: இரண்டாவது. உலகில் விளையும் உணவில் சுமார் 14 சதவீதம் அறுவடைக்கும் கடைக்கும் நடுவிலேயே போகிறது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2019இல் கணக்குச் சொன்னது. பழத்திலும் காய்கறியிலும் அது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. முந்திரி விளையும் நாடுகளில் கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைத் தரையில் போடுகிறார்கள். கொட்டையைப் போல் பல மடங்கு எடையுள்ள பழம், ஆரஞ்சைவிட வைட்டமின் சி கூடியது, மரத்தடியில் புளிக்கிறது.

குளிர்சாதனக் கிடங்கு என்று உடனே பேசாதே. வெப்பநாட்டுப் பழத்துக்குக் குளிர் ஆகாது. வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுக்கும், பிறகு சரியாகப் பழுக்காது. முதலில் பறிப்பைத் திருத்து. மாங்காயை உலுக்கி விழவைப்பவன் ஒரு வாரத்தை இழக்கிறான். காம்போடு பறித்து, கவிழ்த்து வைத்துப் பால் வடிய விட்டால் தோல் வேகாது. நிழலில் வை. மூட்டையில் திணிக்காமல் கூடையில் வை. பிறகு, டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் செய்து காட்டிய செங்கல் தொட்டியைப் பார். இரண்டு சுவர், நடுவே ஆற்றுமணல், மணலில் காலை மாலை தண்ணீர். வறண்ட காற்றில் உள்ளே பத்து டிகிரிக்கு மேல்கூடக் குறையும். மின்சாரம் வேண்டாம். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதையே பானைக்குள் பானையாகச் செய்து ஆயிரக்கணக்கில் கொடுத்தார். கடலோரப் புழுக்கத்தில் இரண்டும் வேலை செய்யாது. தண்ணீர் ஆவியானால்தானே குளிரும். அங்கே சூரிய உலர்த்தி பார்க்கலாம், ஆனால் மழை மாதத்தில் பழுக்கிற பழத்துக்கு அதுவும் கை கொடுக்காது. ஆக, மறுபடியும் அந்தப் பன்னிரண்டு கட்டத்துக்கே வருகிறோம்.

கே: எல்லாம் சரி. நான் குத்தகை நிலத்தில் இருக்கிறேன். மரம் வைத்தால் காய்க்கிற நேரத்தில் நிலக்காரர் வெளியேறச் சொல்வார். என்னைப் போன்றவன் எதை நடுவது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ப: வந்த கடிதங்களிலேயே கனமானது இதுதான் ஐயா. ஆப்பிரிக்காவின் பல சமூகங்களில் மரம் நடுவது நிலத்தில் உரிமை கொண்டாடுவதற்குச் சமம். அதனால் குத்தகைக்காரரையும் வந்து குடியேறியவரையும் மரம் நட விடமாட்டார்கள். பல இடங்களில் பெண்களையும். வீட்டுக்குப் பழம் யோசிப்பது பெண், கன்று ஊன்ற உரிமை ஆணுக்கு. திட்டம் எழுதுகிற யாரும் இந்தப் பத்தியை எழுதிப் பார்த்ததில்லை. நானும் ரொம்ப நாள் எழுதவில்லை. இலவசமாக ஐந்நூறு கன்று கொடுத்தேன், பாதி வீட்டில் வாசலிலேயே பையோடு காய்ந்தது. விசாரித்தால், "ஊன்றினால் வம்பு வரும்" என்றார்கள்.

உங்களுக்கு என் பதில்: மரம் என்று யாரும் சண்டைக்கு வராததை வையுங்கள். பப்பாளி ஒரு வருஷத்துக்குள் காய்க்கும், இரண்டு மூன்று வருஷத்தில் தானே ஓயும். வாழையும் அன்னாசியும் கிளம்பும்போது கன்றாகக் கையோடு வரும். வேலியில் பேஷன் ஃப்ரூட் கொடியை ஏற்றினால் அதற்கு நிலமே வேண்டாம். குத்தகைச் சீட்டில் மரத்தின் பலன் யாருக்கு என்று ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் மட்டும் கொய்யா ஒட்டு இரண்டு வையுங்கள். நிலக்காரர் அந்த வரிக்கு ஒப்பவில்லை என்றால், கொய்யாவைப் பெரிய தொட்டியில் வைத்துக் கவாத்துச் செய்து குட்டையாக வளருங்கள். காய் குறைவாகத்தான் வரும். வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.